நான்கு மாதம்

வரிக்கு மூன்று டாலர் என்றாள் பத்திரிகை ஆபீஸ்காரி.
அதனால் செத்தவனுக்கு
ஒரு அடைமொழியும் சேர்க்கவில்லை.
'ரெய்னோ பெல்டோலா காலமானார்.
அவரிடமிருந்து பணம் வரவேண்டியவர்கள்
நான்கு மாதத்துக்குள் கேட்காவிட்டால்
பிறகு என்றைக்கும் கேட்க முடியாது.'
கீழே என் பெயர், என் முகவரி,
சொத்தை நிர்வகிப்பவள் என்ற புதுப் பதவி.

டிசம்பர் முதல் வியாழன் அச்சில் வந்தது.
மேலே, பனி தள்ளும் இயந்திரம் விற்பனைக்கு.
கீழே, லூத்தரன் தேவாலயத்தில் மீன் விருந்து.
நடுவில் நெருக்கிக்கொண்டு என் கொழுந்தன்,
உயிரோடிருந்தவரை பேப்பரில் பேர் வராதவன்.

பென்ஹேல் வக்கீல் சொன்னார்:
தெரியாத ஆட்களுக்குப் பத்திரிகை போதும்,
தெரிந்தவர்களுக்குத் தபால் போட்டாக வேண்டும்.
எவ்வளவு தெரிந்தால் தெரிந்தவர், என்று கேட்டேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

சமையலறை இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
ரசீதுகள், ரப்பர் பேண்டு,
காதுக் கருவியின் தீர்ந்துபோன பேட்டரிகள்,
ஏரியின் ஆழம் குறித்த வரைபடம், அதன் ஓரத்தில் பென்சிலில்
'ஹார்டுவேர் 311. பல் டாக்டர், பிறகு.'
இருவருக்கும் தபால் போட்டேன்.

ஒவ்வொன்றாக வந்தன.
மருத்துவமனை, பதினோரு பக்கம்,
அதில் ஒரு போர்வைக்குத் தனிக் கட்டணம்.
பக்கத்துத் தெரு கோடி,
எட்டாம் வகுப்புக் கணக்குத் தாளின் பின்புறத்தில்:
'போன குளிர்காலம் கூரைப் பனி மூன்று தடவை வாரினேன். அறுபது டாலர்.
இரண்டு தடவைக்குக் கொடுத்தாலும் பரவாயில்லை.'
வக்கீல் அதற்கும் எண் போட்டார். நான்காம் எண்.

டுலூத்திலிருந்து திருமதி வுகெலிச்:
'அவர் எனக்குத் தர ஒன்றுமில்லை. நான்தான் தரவேண்டும்.
எண்பத்தெட்டில் ஒரு பஸ் டிக்கெட்.
யாரிடமிருந்து ஓடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை.'
முப்பத்தேழு டாலருக்குக் காசோலை.
கொடுத்தவரும் கடன்காரர், வாங்கினவரும் கடன்காரர்,
ஒரே சொல்லில் இரண்டு பேருக்கும் இடமிருக்கிறது.
படிவத்தில் ஒருவருக்குத்தான் கட்டம்.

வாரிசுகள் இருவர்.
டுவெய்ன் நெவாடாவில். 'படகை வித்துடுங்க'
என்று சொல்லிப் போனை வைத்தான்.
அப்புறம், ஐலா.
டூசான் முகவரிக்குப் போட்டது திரும்பியது.
எல் பாசோவுக்குப் போட்டதும் திரும்பியது,
உறைமேல் யாரோ சிவப்பில் குத்திய அம்புக்குறி
என் வீட்டைக் காட்டிக்கொண்டு.
இருபத்தாறு வருஷம் அப்பனோடு பேசாதவளுக்கு
'இதன் மூலம் தங்களுக்கு அறிவிப்பது யாதெனில்'
என்றா ஆரம்பிப்பது?
அப்படித்தான் ஆரம்பித்தேன். படிவம் அப்படி.

மூன்றாம் முறை ஒரு பச்சை அட்டை மட்டும் வந்தது,
பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து.
கடிதமில்லை. எப்படிச் செத்தார் என்ற கேள்வியில்லை.
இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில், ஐலா பெல்டோலா.
இரண்டு கல்யாணம் முடித்தவள் என்று கேள்வி.
அந்தப் பேரை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள்?
அட்டையைக் கோப்பில் வைக்க மனம் வராமல்
நகலெடுத்து, நகலை வைத்தேன்.
அசல் எங்கே என்று பென்ஹேல் கேட்கவில்லை.

இன்றோடு நான்கு மாதம்.
ஏரியில் பனிக்கட்டி விரிசல்விடும் சத்தம்
நீதிமன்றப் படிக்கட்டு வரை கேட்கிறது.
'உங்களுக்குத் தெரிந்து வேறு யாரும் உண்டா?'
இல்லை என்றேன்.

தொண்ணூற்று நான்கில், படகு எஞ்சினுக்கு,
என் புருஷனுக்குத் தெரியாமல் நான் கொடுத்தது நானூறு.
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
அடுத்த வருஷம் தந்துவிடுகிறேன் என்பான்,
தட்டிலிருந்து நிமிராமல்.
நிரப்பிய படிவம் கைப்பையில் இருக்கிறது.
கேட்பவள் இடத்திலும் நான்,
அனுமதிப்பவள் இடத்திலும் நான்.
அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும்.

வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
ஐந்தேகால் வரை உட்கார்ந்திருந்தேன்.